ஒரு தெரு எவ்வளவு தாங்கும்? குடியிருப்பு மண்டலம் எதற்காக

நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அடிக்கடி ஓர் அறிவிப்பு வரும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இத்தனை சதுர மீட்டர் நிலத்தை 'விவசாயம்' என்ற வகைப்பாட்டிலிருந்து 'குடியிருப்பு' என்று மாற்றக் கேட்டிருக்கிறார்கள், அல்லது 'குடியிருப்பு' என்பதை 'வணிகம்' என்று மாற்றக் கேட்டிருக்கிறார்கள், ஆட்சேபணை இருந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். நம்மில் பெரும்பாலோர் அதைப் படிக்காமலே பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். பிறகு ஒருநாள் தெருமுனையில் பொக்லைன் வந்து நிற்கும்போதுதான் கேள்விகள் கிளம்புகின்றன. இது குடியிருப்புப் பகுதிதானே, இங்கே எப்படி ஜவுளிக்கடை வரலாம்? எதிர்வீட்டில் தையல் கடை இருக்கிறதே, அது மட்டும் சரியா? என் நிலத்தில் நான் என்ன கட்டலாம் என்று சொல்ல அரசு யார்?

மூன்றும் நியாயமான கேள்விகள். குடியிருப்பு மண்டலம் என்ற ஏற்பாடு எதற்காக வந்தது என்று புரிந்துவிட்டால் மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

மண்டலம் என்றால் என்ன

சென்னையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் கீழ் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ, நகரத்துக்கு ஒரு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போடுகிறது. முதல் திட்டம் 1970-களில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் வந்தது. 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு, 2026-ஐ இலக்கு ஆண்டாக வைத்துப் போடப்பட்டது. அந்தத் திட்டத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் உண்டு. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், ஆபத்தான தொழில், திறந்தவெளி, விவசாயம் என்று நிறத்துக்கு ஒரு வகை. பெருநகர் எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களுக்கு இதே வேலையை நகர் ஊரமைப்பு இயக்ககம், நாம் டிடிசிபி என்று சொல்லும் அலுவலகம், செய்கிறது.

'மண்டலம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும் உள்ளே மூன்று தனித்தனி விதிகள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதம் நடக்கிறது.

1. பயன்பாடு. அந்த இடத்தில் என்ன நடக்கலாம்: வீடா, கடையா, பட்டறையா.

2. அளவு. எவ்வளவு கட்டலாம். இதைத் தளப்பரப்புக் குறியீடு என்பார்கள். புரோக்கர் முதல் பொறியாளர் வரை எல்லோர் வாயிலும் எஃப்எஸ்ஐ. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளம் போடலாம் என்பதுதான் அது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், எஃப்எஸ்ஐ 1.5 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 3,600 சதுர அடி. எஃப்எஸ்ஐ 2 என்றால் 4,800.

3. வடிவம். எவ்வளவு உயரம், முன்னும் பின்னும் பக்கத்திலும் எவ்வளவு காலியிடம், எதிரே உள்ள சாலை எவ்வளவு அகலம்.

ஒரு கட்டடம் பயன்பாட்டில் சரியாக இருந்துகொண்டே அளவில் மீறலாம். உதாரணமாக, வீடுதான் கட்டியிருக்கிறார், ஆனால் அனுமதி வாங்காமல் மேலே ஒரு மாடி ஏற்றிவிட்டார். அளவிலும் வடிவத்திலும் எல்லாம் ஒழுங்காக இருந்து பயன்பாட்டில் மீறுவதும் உண்டு. கார் நிறுத்த ஸ்டில்ட் என்று காட்டிய தரைத்தளம் ஆறு மாதத்தில் ஷட்டர் போட்ட கடையாகிவிடும். புகார் எழுதும்போது எந்த விதி மீறப்பட்டது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் அது கவனிக்கப்படும்.

இன்னொன்று. பட்டாவும் வில்லங்கச் சான்றும் மண்டலத்தைச் சொல்லாது. நிலம் யாருடையது என்பதைப் பட்டா சொல்லும்; பதிவான விற்பனை, அடமானங்களை வில்லங்கச் சான்று காட்டும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் புஞ்சை என்று இருக்கும் நிலம் முழுமைத் திட்டத்தில் குடியிருப்பாக இருக்கலாம். வீட்டுமனை என்று விற்கப்படும் நிலம் வரைபடத்தில் திறந்தவெளியாகவும் இருக்கலாம். மனை வாங்குபவர் பட்டாவைப் பார்த்துத் திருப்தி அடைந்து, மண்டலத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடுவது இன்றைக்கும் நடக்கிற தவறு. சர்வே எண்ணைக் கொடுத்து நில உபயோகத்தை சிஎம்டிஏ இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

குடியிருப்பு என்றால் வீடு மட்டும் அல்ல

குடியிருப்பு மண்டலம் என்றதும் வீட்டைத் தவிர வேறு எதுவும் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. முதன்மைக் குடியிருப்பில் தனிவீடும் வரலாம், அடுக்குமாடியும் வரலாம். சின்ன மளிகைக் கடை, டீக்கடை, பால் பூத், தையல் கடை, அங்கேயே குடியிருக்கும் மருத்துவரோ வக்கீலோ வீட்டின் ஒரு பகுதியில் நடத்தும் அலுவலகம், மழலையர் பள்ளி, பூங்கா எல்லாவற்றுக்கும் பரப்பு வரம்புக்கு உட்பட்டு இடம் உண்டு. கலப்புக் குடியிருப்பில் இன்னும் பெரிய கடைகளும் அலுவலகங்களும் கல்யாண மண்டபம் போன்றவையும் சாலை அகலத்தைப் பொறுத்து வரலாம்.

ஆக, எதிர்வீட்டுத் தையல் கடை பெரும்பாலும் விதிக்கு உட்பட்டதே. விதி பார்ப்பது 'கடை' என்ற பெயரை அல்ல, அந்த இடத்தின் பாரத்தை. ஒரு தையல் மெஷினும் ஒரு நாளில் நடந்து வந்து போகிற பத்து வாடிக்கையாளர்களும் தெருவுக்குப் பாரம் இல்லை. மூன்று மாடி ஜவுளிக்கடை பாரம்.

ஜப்பான் இதை இன்னும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி 13 வகை மண்டலங்கள். மிகக் கடுமையான குடியிருப்பு வகையில்கூட, வீட்டோடு சேர்ந்த சிறுகடைக்கு 50 சதுர மீட்டர் வரை இடம் உண்டு. கடுமை குறையக் குறைய பெரிய கடை, அலுவலகம், பட்டறை என்று சேர்ந்துகொண்டே போகும். வீடு மட்டும் ஏறக்குறைய எல்லா வகையிலும் கட்டலாம். தொழிற்சாலைகளுக்கு என்றே ஒதுக்கிய பகுதியில் மட்டும் கூடாது.

எதற்காக இந்த ஏற்பாடு

*1. ஆபத்தை வீட்டிலிருந்து தள்ளி வைக்க*

மண்டலப் பிரிப்பு பிறந்ததே இதற்காகத்தான். புகை, இரைச்சல், நெடி, தீ, வெடி. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது, ஆலைக்கு எதிரே சாலையைத் தாண்டினால் ஜெயப்பிரகாஷ் நகர் என்ற நெருக்கமான குடியிருப்பு இருந்தது. அந்த இரண்டும் அவ்வளவு பக்கத்தில் இருக்க விட்டதும் சாவுகளுக்கு ஒரு காரணம். சென்னையின் வடக்கே மணலியில் பெட்ரோலிய, ரசாயன ஆலைகளுக்கான இடம் வரைபடத்திலேயே ஆபத்தான தொழில் என்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இந்த நோக்கத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது என்பதால் இதை இங்கே விட்டுவிடலாம்.

*2. தெரு தாங்குகிற அளவுக்குள் வைத்திருக்க*

என் பார்வையில் இதுதான் தலையான நோக்கம். மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

20 அடித் தெரு ஒன்று. இரண்டு பக்கமும் சேர்த்து 40 மனைகள், ஒவ்வொன்றும் ஒரு கிரவுண்டு. முன்பு மனைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் தெருவில் 200 பேர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நகர்ப்புறக் குடிநீர் வாரியங்கள் பின்பற்றும் அளவு. அப்படியானால் 27,000 லிட்டர் வேண்டும். அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு: 21,600 லிட்டர். பாதாளச் சாக்கடைக் குழாய் அன்றைக்கு இந்த அளவை மனத்தில் வைத்துத்தான் பதிக்கப்பட்டது.

இப்போது ஒவ்வொரு மனையிலும் பழைய வீட்டை இடித்துவிட்டு, எஃப்எஸ்ஐ 2-க்கு 1,200 சதுர அடியில் நான்கு ஃபிளாட் கட்டுகிறார்கள். ஃபிளாட்டுக்கு நான்கு பேர் என்றாலே மனைக்கு 16 பேர், தெருவுக்கு 640 பேர். தண்ணீர் 86,400 லிட்டர், கழிவுநீர் 69,120 லிட்டர். குழாய் அதே குழாய். மழைக்காலத்தில் மேன்ஹோல் மூடி பொங்குவதற்கு அதிகாரி சோம்பேறித்தனம் ஒன்று மட்டுமே காரணம் இல்லை. தண்ணீரை முழுவதும் லாரியில் வாங்கினாலோ 12,000 லிட்டர் லாரி நாளுக்கு ஏழு தடவைக்கு மேல் வர வேண்டும். அத்தனை லாரியும் அதே 20 அடியில்தான் திரும்ப வேண்டும்.

அப்புறம் கார். 20 அடி என்பது சுமார் 6.1 மீட்டர். ஒரு கார் கண்ணாடியோடு சேர்த்து 1.8 மீட்டர் இடம் எடுக்கும். இரண்டு பக்கமும் நிறுத்தினால் 3.6 போய்விட்டது. மிச்சம் 2.5 மீட்டர். பெரிய தீயணைப்பு வண்டியின் அகலமும் ஏறக்குறைய இரண்டரை மீட்டர்தான். கதவைத் திறந்து இறங்கக்கூட இடம் இல்லை.

இதனால்தான் விதிகள் எஃப்எஸ்ஐ-யைச் சாலை அகலத்தோடு முடிச்சுப் போடுகின்றன. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வந்தபோது சாதாரணக் கட்டடங்களுக்கான எஃப்எஸ்ஐ 1.5-இலிருந்து 2 ஆனது. உயரமான கட்டடங்களுக்குச் சாலை அகலத்தைப் பொறுத்து 3.25 வரை போகலாம். இதற்கு மேல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐ வேறு. எஃப்எஸ்ஐ-யைக் கூட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. வேலைக்கும் படிப்புக்கும் சென்னைக்கு வருகிற ஜனங்களுக்கு வீடு வேண்டும். நகரம் மேல்நோக்கி வளராவிட்டால் ஏரிகளைத் தின்று பக்கவாட்டில் வளரும். ஆனால் எஃப்எஸ்ஐ ஒரு அரசாணையில் கூடிவிடும். குழாய் அப்படிப் பெரிதாகிவிடாது. முதலில் குழாயை மாற்றிவிட்டுப் பிறகு மாடியைக் கூட்டுவதுதான் முறை. நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

*3. காற்று, வெளிச்சம், நிலத்தடி நீர்*

மனையைச் சுற்றி விடச் சொல்லும் காலியிடம், செட்பேக், வெறும் அழகுக்கு அல்ல. சன்னலைத் திறந்தால் காற்று வரவும், தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் இருக்கவும், மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவும் அந்த இடம் வேண்டும். 1916-இல் நியூயார்க் நகரம் முழுவதற்குமான மண்டல விதியைக் கொண்டுவந்ததற்கு உடனடிக் காரணங்களில் ஒன்று, ஒரு வருடம் முன்பு எழும்பிய ராட்சதக் கட்டடம் ஒன்றின் நிழல் சுற்றுத் தெருக்களை மூடியது.

எல்லா இடத்துக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதற்கும் சென்னையிலேயே உதாரணம் உண்டு. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அவற்றைத் தொடர் கட்டடப் பகுதி என்று தனியாக வகைப்படுத்தி, பக்கவாட்டுக் காலியிடம் கேட்பதில்லை. நடு முற்றம் காற்றையும் வெளிச்சத்தையும் கொண்டுவந்த வீடுகள் அவை. (முற்றத்தை மூடி அறையாக்கிய பின் அந்த நியாயம் பாதி போய்விட்டது.) தெற்கே திருவான்மியூரிலிருந்து கடலோரமாக மணலுக்கு அடியில் நன்னீர் தேங்கும் பகுதியும் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதியும் வரைபடத்தில் தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே நெருக்கமாகக் கட்டினால் கெடுவது அந்தத் தெரு மட்டும் அல்ல, ஊரே குடிக்கிற தண்ணீர்.

*4. நம்பிக்கை*

ஒருவர் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்குகிறார். அவர் வாங்குவது நான்கு சுவர் மட்டும் இல்லை. பக்கத்து மனையில் என்ன வரும், என்ன வராது என்ற உறுதியையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அந்த உறுதியைக் கொடுப்பது மண்டல விதி.

இதற்கு உடுப்பியில் நடந்த வழக்கு ஒன்று இன்றைக்கும் அடிப்படை. நகரமைப்புத் திட்டப்படி குடியிருப்பு என்று ஒதுக்கிய இடத்தில் ஒருவர் கல்யாண மண்டபமும் சொற்பொழிவுக் கூடமும் கட்ட நகராட்சியிடம் அனுமதி வாங்கினார். பிறகு அதையே சினிமா தியேட்டராக மாற்ற அனுமதி கேட்டார், நகராட்சியும் கொடுத்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் எதிர்த்தார்கள். திட்டத்துக்கு விரோதம்தான், ஆனாலும் கட்டியவர் பணம் செலவழித்திருப்பாரே என்று உயர் நீதிமன்றம் தலையிடவில்லை. 1974-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. சட்டம் கொடுக்காத அதிகாரத்தை நகராட்சி பயன்படுத்தினால், பணம் செலவானது என்பதற்காக அது செல்லுபடியாகாது. குடியிருப்புப் பகுதிக்கான திட்டம் என்பது அங்கே வசிப்பவர்களின் தேவைக்கு ஏற்ற ஒழுங்கு. அதைக் காக்கும்படி கேட்க வசிப்பவர்களுக்கு உரிமை உண்டு. இந்த மூன்றும் அந்தத் தீர்ப்பின் சாரம்.

பெங்களூருவில் இன்னொன்று. ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் அறக்கட்டளை ஒன்றுக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தானே என்று தோன்றும். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். பூங்காவை எடுத்துவிட்டால் அந்தப் பகுதியில் மறுபடி ஒரு பூங்காவை எங்கிருந்து கொண்டுவருவது?

*5. பொது இடத்தைக் கேட்டு வாங்க*

புதிய மனைப்பிரிவு போடும்போது விற்பவர் ஒவ்வொரு அடியையும் மனையாக்கத்தான் பார்ப்பார். விதி குறுக்கே நிற்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். 3,000-இலிருந்து 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். இந்தப் பண வாய்ப்பு எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகள் ரசீதில் விளையாட முடியாது.

*6. யாரும் எழுதி வைக்காத நோக்கம்*

அமெரிக்காவில் 1926-இல் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் மண்டல விதிகள் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பிலேயே, தனிவீட்டுப் பகுதிக்கு நடுவே வரும் அடுக்குமாடிக் கட்டடம் பெரும்பாலும் ஓர் ஒட்டுண்ணி என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது. அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு, 1917-இல், கறுப்பின மக்கள் இன்ன தெருவில் குடியிருக்கக் கூடாது என்ற வகை விதியை அதே நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. நேரடியாகத் தடுக்க முடியாமல் போன பிறகு, பெரிய மனை, அதில் ஒரே குடும்பத்துக்கான வீடு மட்டும் என்ற விதி பல ஊர்களில் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்தது. ஏழைக்கு வாங்க முடியாத அளவுக்கு மனையைப் பெரிதாக்கிவிட்டால் தடைச்சட்டம் எதற்கு? ஒரே வீடு என்ற அந்த விதியை மினியாபொலிஸ் நகரமும் ஓரிகன் மாநிலமும் சமீப ஆண்டுகளில்தான் கைவிட்டன.

நம் ஊரில் வடிவம் வேறு. முழுமைத் திட்டத்தில் எந்த வகுப்பாரையும் தடுக்கும் வரி கிடையாது. ஆனால் கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுவிலும் வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் நடந்தே போய் வந்தவர்கள் இரண்டு பஸ் மாற வேண்டியதாயிற்று. அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஆக்கிரமிப்பு. அதே நகரத்தில் பெரிய கடைகளின் விதிமீறல் எப்படி நடத்தப்பட்டது என்பதை அடுத்துப் பார்ப்போம்.

தி. நகர்: விதி தோற்ற இடம்

1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து, குடியிருப்புக்கென்றே திட்டம் போட்டு உருவாக்கிய பகுதி தியாகராய நகர். நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் தெருக்கள், தோட்டத்தோடு வீடுகள். அங்கே தண்ணீர் இருந்த ஞாபகம் மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு என்ற பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வீட்டு முகப்பில் சின்னக் கடை, பிறகு வீடே கடை, பிறகு வீட்டை இடித்துவிட்டுப் பல மாடிக் கடை என்று அடுத்த தலைமுறைகளில் அது மாறியது. ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்; நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும்.

வணிகம் வந்தது குற்றம் இல்லை. ரயில் நிலையத்தை ஒட்டிய இடத்தில் கடைத்தெரு உருவாவது இயல்பு. கேடு என்னவென்றால், மண்டலத்தை முறைப்படி மாற்றி, அதற்கேற்ப சாலையையும் குழாயையும் தீயணைப்பு வழியையும் பெரிதாக்கிவிட்டுக் கடைகளை அனுமதிக்கவில்லை. முதலில் மீறல், பிறகு மன்னிப்பு. அந்த வரிசை இப்படிப் போனது:

1. மண்டல, கட்டட விதிகளிலிருந்து விலக்கு அளிக்க நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அப்படி அளிக்கப்பட்ட விலக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2000-இல் அந்தப் பிரிவு செல்லும், ஆனால் வழக்கில் வந்த 62 விலக்கு ஆணைகளும் செல்லாது என்று தீர்ப்பானது.

2. 1998-இல் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28 வரை கட்டிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம் என்றது. ஒரே ஒரு தடவைதான் என்ற பெயரில் வந்த அது மறுபடி மறுபடி நீட்டிக்கப்பட்டது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை ரத்து செய்தது.

3. 2012-இல் 113-சி வந்தது. இந்த முறை 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவை.

4. இடையில், 2011 அக்டோபர் கடைசியில் தி. நகரின் பெரிய கடைகள் பலவற்றுக்குச் சீல் வைத்தார்கள். பொங்கல் வியாபாரத்துக்கு முன் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வாங்கி அவை திறந்தன.

2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் தீப்பிடித்தது. அதிகாலை என்பதால் கூட்டம் இல்லை. தீ ஒரு நாளைத் தாண்டி எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி தானாகச் சரிந்தது, மிச்சத்தைப் பிறகு இடித்தார்கள். சுற்றியிருந்த பகுதியைப் புகை சூழ்ந்தது. முதல் நோக்கமும் இரண்டாம் நோக்கமும் ஏன் எழுதப்பட்டன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இது சென்னைக்கு மட்டும் உரிய கதை இல்லை. டெல்லியில் வீடுகளைக் கடையாக்கியதற்கு எதிராக 2006-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பு காட்டியது. சீல் வைத்தார்கள், போராட்டம் வெடித்தது. அடுத்த ஆண்டு வந்த டெல்லி முழுமைத் திட்டம் ஏராளமான தெருக்களில் கலப்புப் பயன்பாட்டை அனுமதித்துவிட்டது.

சரி, என் நிலத்தில் சொல்ல அரசு யார்

நிலம் ஒருவருடையது. அந்த நிலத்தின் சாக்கடை போகும் குழாய் அவருடையது இல்லை. வாடிக்கையாளரின் கார் நிற்கும் தெரு அவருடையது இல்லை. ஜெனரேட்டர் இரைச்சல் போய்ச் சேரும் படுக்கையறையும் அவருடையது இல்லை. ஒரு மனையில் நடப்பதன் லாபம் உள்ளே தங்கிவிடுகிறது, செலவு சுவரைத் தாண்டிப் போகிறது. அப்படிச் சுவர் தாண்டும் செலவுக்கு வரம்பு போடத்தான் அரசுக்கு இந்த அதிகாரம். சுவர் தாண்டாத விஷயத்தில், உதாரணமாக வீட்டுக்குள் ஊறுகாய் போட்டு விற்கும் ஒரு பெண்ணின் தொழிலில், மண்டல விதி மூக்கை நுழைத்தால் நானும் எதிர்ப்பேன்.

இந்த அளவுகோலை வைத்தே வாடகைக்கு விடுவது, பிஜி விடுதி, வீட்டில் டியூஷன், மாடியில் ஜிம் என்று அடிக்கடி சண்டை வரும் எல்லாவற்றையும் அலசலாம். எத்தனை பேர் வருகிறார்கள், எதில் வருகிறார்கள், எத்தனை மணிவரை, என்ன சத்தம், எவ்வளவு தண்ணீர். யார் குடியிருக்கிறார்கள், என்ன சமைக்கிறார்கள், கல்யாணம் ஆனவர்களா என்பவை எந்த மண்டல விதியிலும் கிடையாது. குடியிருப்போர் சங்கங்கள் 'இது குடியிருப்புப் பகுதி' என்ற சொல்லை இந்தக் கேள்விகளுக்குப் பயன்படுத்துவது விதியின் பேரைக் கெடுக்கிற செயல்.

அறிவிப்பு வந்தால் என்ன செய்வது

நில உபயோக மாற்றம் கேட்டு விண்ணப்பம் வந்தால், சிஎம்டிஏ இடத்தைப் பார்வையிட்டு, உள்ளாட்சி அமைப்பின் கருத்தைக் கேட்டு, நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை வாங்கும். பிறகு அதற்கான குழுவிலும் குழுமக் கூட்டத்திலும் வைத்து முடிவெடுக்கும். மாற்றம் ஏற்கப்பட்டால் அரசிதழில் வரும். பொதுமக்கள் உள்ளே நுழைய இருக்கும் கதவு அந்த ஆட்சேபணைக் காலம்தான். 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்று ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பும் மனுவைவிட, கீழே உள்ளவற்றைச் சேர்த்து ஒருவர் எழுதும் ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

1. சர்வே எண், இப்போதைய வகைப்பாடு, கேட்கப்படும் வகைப்பாடு. மூன்றும் முதல் வரியிலேயே.

2. தெருவின் உண்மையான அகலம். வரைபடத்தில் 30 அடி என்று இருக்கும். ஆக்கிரமிப்பும் டிரான்ஸ்ஃபார்மரும் போக எவ்வளவு இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, மூன்று இடத்தில் அளந்த கணக்கோடு படம் எடுத்து இணைக்க வேண்டும்.

3. சாக்கடை பொங்கிய தேதிகள், அதற்குக் கொடுத்த புகார் எண்கள்.

4. மழையில் தண்ணீர் நின்ற உயரம். கேட்டிலோ சுவரிலோ உள்ள கறையை அளந்து எழுதலாம்.

5. அருகில் ஏரி, குளம், கால்வாய் இருந்தால் அதன் பெயரும் தூரமும்.

6. கேட்கப்படும் மாற்றம் வந்தால் எந்த நிபந்தனையோடு ஏற்கலாம் என்பது. தெரு தாங்கும் என்றால் தாங்கும் என்றே எழுதலாம். அகலமான சாலைப்பக்கம் மட்டும் வாசல் வைக்க வேண்டும், சரக்கு லாரி இரவு பத்து மணிக்கு மேல் வரக் கூடாது என்று நிபந்தனை கேட்கலாம்.

இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்து வரும் மூன்றாம் திட்டம் 2046 வரை நீளும். அதன் வரைவு வெளியாகும்போதும் இதேபோல ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் நாள் கொடுப்பார்கள். ஒரு சர்வே எண்ணுக்கான அறிவிப்பில் எழுதுவதைவிட அப்போது எழுதுவது பல மடங்கு பயன் தரும். ஏனென்றால் அந்தச் சமயத்தில் முழுத் தெருவின் நிறமும் பென்சிலில்தான் இருக்கும்.